தத்துவம் படிக்கக் கப்பலேறுதல்

தத்துவம் கற்க அயல்நாடு போன முதல் ஆள் யார் என்று தமிழில் தேடினால் மணிமேகலையிடம்தான் வந்து நிற்க வேண்டும். கொள்ளிடத்துக்குத் தெற்கே இருக்கிற புகாரில் பிறந்தவள் சேர நாட்டு வஞ்சிக்குப் போகிறாள். அளவைவாதியில் தொடங்கிப் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் போய் 'உன் கொள்கை என்ன' என்று கேட்கிறாள். ஆனால் பெண்ணாகப் போகவில்லை, ஆண் தவசியின் உருவில் போகிறாள். இளம்பெண் என்று தெரிந்தால் யாரும் பொருளைச் சொல்ல மாட்டார்கள் என்று தெய்வம் முன்னமேயே எச்சரித்து, வேற்றுரு எடுக்க மந்திரமும் கொடுத்து அனுப்பியிருக்கிறது. நம் தமிழ்த் துறைகளில் இந்தக் காதையைச் சமயக் கொள்கைகளின் பட்டியலாக நடத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். பரீட்சைக்கு வருவது பத்து வாதிகளின் பெயர்கள்தான், வேடம் வராது. எந்த உடல் தத்துவ வகுப்பறைக்குள் நுழையலாம் என்பது கொள்கைகளுக்கு முந்தைய கேள்வி என்பதைப் பிரதியே சொல்லி வைத்திருக்கிறது. நாம்தான் அதைத் தாண்டிக் குதித்து வாசிக்கிறோம்.

இதை இப்போது எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. தாழ்த்தப்பட்டோர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுவழிக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்க மத்திய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு 2022 பிப்ரவரியில் திருத்திய விதிகள் வந்தன. ஆண்டுக்கு 125 இடங்கள். இத்தனை கோடி ஜனங்களுக்கு 125 என்பதே ஒரு கேலி, அது கிடக்கட்டும். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய பொருள்களுக்கு இனி இந்தப் பணம் கிடையாது என்றது அந்தத் திருத்தம். இவற்றுக்கு வேண்டிய நூல்களும் அறிஞர்களும் உள்நாட்டிலேயே ஏராளமாக இருக்க, வெளியே போவானேன் என்பது அதிகாரிகள் சொன்ன சமாதானம். கேட்பதற்கு என்னவோ நியாயம் மாதிரிதான் இருக்கிறது.

இந்த விதியை ஒரு நூற்றாண்டு பின்னால் தள்ளிப் பாருங்கள். 1913இல் பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போகிறார். ஜான் டூயியின் தத்துவ வகுப்பில் உட்காருகிறார். 1915இல் முதுகலைக்கு அவர் கொடுத்த ஆய்வேடு பண்டைய இந்திய வணிகம் பற்றியது. 1916 மே மாதம் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் வாசித்த கட்டுரை இந்தியாவில் சாதிகளின் தோற்றம் பற்றியது. 2022ஆம் வருஷத்து விதிப்படி இரண்டுமே தள்ளுபடி. சாதியைப் பற்றி யோசிக்கச் சாதிக்கு வெளியே ஓர் இடம் தேவைப்பட்டது, அந்த இடம் நியூயார்க்கில் கிடைத்தது. உள்ளூரிலேயே அறிஞர்கள் இருக்கிறார்கள் என்று சொல்கிறவர்கள், அந்த உள்ளூர் அறிஞர் முன்னால் ஒரு சேரிப்பிள்ளை என்ன கேட்க முடியும், எதைக் கேட்காமல் விழுங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

ராதாகிருஷ்ணன் கதை வேறு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதாந்த அறவியல் பற்றி எழுதி எம்.ஏ. வாங்கியவர், வெளிநாட்டில் படிக்கவே இல்லாமல் 1936இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகவே போனார். வேதாந்தம் ஏற்றுமதியாகும்போது துறைமுகத்தில் யாரும் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

அந்தப் பக்கத்து நிலைமையும் ஒழுங்காக இல்லை. மேற்கத்தியத் தத்துவத் துறைகளில் மிகப் பலவற்றில் இந்திய, சீன, ஆப்பிரிக்கச் சிந்தனைக்குப் பாடமே கிடையாது. அவற்றைச் சமயத் துறைக்கோ பிராந்திய ஆய்வுத் துறைக்கோ தள்ளிவிடுவார்கள். 2016இல் ஜே கார்ஃபீல்டும் பிரையன் வான் நோர்டனும் நியூயார்க் டைம்ஸில் இதைப் போட்டு உடைத்தார்கள்: மாற மனமில்லையென்றால் 'ஐரோப்பிய - அமெரிக்கத் தத்துவத் துறை' என்று பெயரையாவது மாற்றிக்கொள்ளுங்கள் என்று. ஆக இங்கேயிருந்து போகிற மாணவர் தன் கேள்வியை இரண்டு சுங்கச்சாவடிகளில் காட்ட வேண்டியிருக்கிறது.

சரி, உள்ளூரில்தான் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. கடலூர் மாவட்டம் மாதிரி தத்துவச் சண்டை நடந்த மண் தமிழ்நாட்டில் குறைவு. மெய்கண்டாரின் ஊராகச் சொல்லப்படும் பெண்ணாகடம் இங்கேதான். அருணந்தியின் சித்தியார் பரபக்கம், மறுப்பதற்காகவாவது உலோகாயதனையும் பௌத்தனையும் பேசவிடுகிறது. எதிராளியின் வாதத்தை முதலில் முழுசாகச் சொல்லிவிட்டு அப்புறம் மறுப்பது என்ற அந்த ஒழுக்கம் இன்றைய நம் விவாதங்களில் எங்கே? உமாபதி சிவம் சங்கற்ப நிராகரணத்தை 1313இல் எழுதினார். தில்லைத் தீட்சிதர் குலத்தில் பிறந்தும், மறைஞான சம்பந்தரைக் குருவாக ஏற்று அவரிடம் கூழ் வாங்கி உண்டதால் விலக்கப்பட்டு, ஊருக்குக் கிழக்கே கொற்றவன்குடியில் போய் இருந்தார் என்று மரபுக்கதை சொல்கிறது. கதை எவ்வளவு தூரம் வரலாறு என்பது இருக்கட்டும். கோயில் வாசலிலிருந்து கொற்றவன்குடி வரைக்குமான அந்த நடைதான் உமாபதியின் 'வெளிநாடு' என்று எனக்குப் படுகிறது. இதையெல்லாம் சைவப் பற்றுடன் மனனம் செய்கிறார்கள், அல்லது பகுத்தறிவின் பேரால் மூடி வைக்கிறார்கள். வாதமாக எடுத்து வாதமாக வாசிக்கிறவர்கள் மிகச் சொற்பம்.

போகிற திசை எப்போதும் மேற்குதானா? தனிநாயகம் அடிகளைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பிறந்து, ரோமில் இறையியலில் முனைவர் பட்டம் பெற்ற பாதிரியார், 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு மாணவராக வருகிறார். தமிழில் எம்.ஏ., பிறகு சங்கப்பாட்டில் இயற்கை பற்றி எம்.லிட். அவருக்கு வெளிநாட்டு முதுகலை என்றால் சிதம்பரம்! லத்தீனும் இத்தாலியமும் படித்த காதோடு சங்கப்பாட்டுக்கு வந்ததால்தான், பின்னால் தமிழாய்வை உலகத்து ஆய்வுகளோடு ஒரே மேசையில் உட்காரவைக்க அவரால் முடிந்தது. கைலாசபதி எதிர்த்திசையில் போனார், பர்மிங்ஹாமுக்கு, ஜார்ஜ் தாம்சனிடம். நாணயப் புழக்கத்திலிருந்து கிரேக்கத் தத்துவத்தின் அருவச் சிந்தனைக்கு வழி காட்டிய மார்க்சியர் அவர். தமிழ் தெரியாத அந்தக் கிரேக்கப் பேராசிரியரிடம் போனதில்தான் 1968இல் வெளியான வீரயுகப் பாடல் நூல் பிறந்தது. அதன் முடிவுகளோடு நமக்குச் சண்டை உண்டு. ஆனால் புறநானூற்றை ஹோமர் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற துணிச்சல் உள்ளூர்ப் பண்டிதரிடம் கிடைத்திருக்காது.

கப்பலேறாமலும் தத்துவம் வந்ததே என்று நண்பர்கள் சொல்வார்கள். வந்தது, உண்மைதான். தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வந்தது. தொடர்ந்து பூக்கோவும் தெரிதாவும் சிறுபத்திரிகைக்குள் வந்து, டீக்கடை பெஞ்சில் தலித் அரசியலோடும் பெண்ணியத்தோடும் மல்லுக்கட்டினார்கள். நமக்குச் சிறுபத்திரிகைதான் தத்துவத் துறை. ஆனால் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து நம் கைக்கு என்று வந்த சரக்கில் முடிவுகள் வந்தன, வாதம் பாதி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. தெரிதா யாரோடு சண்டை போடுகிறார் என்று தெரியாமலேயே அவர் பக்கம் நின்று சண்டை போட்டவர்கள் நம்மில் அதிகம். ஹுஸ்ஸர்லை வரி வரியாக வாசித்து, 'இந்த இடத்தில் நீ சொன்னது தப்பு' என்று சக மாணவர் மறித்துக் கேட்கிற இரண்டு வருஷம் என்பது வேறு வகை உழைப்பு. அதைப் பட்ட மோகம் என்று ஒதுக்குவது, பட்டம் கிடைத்துவிட்டவர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகிற பேச்சு.

காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஒரு பெண் இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடுகிறாள் என்று வையுங்கள். ஹெகலின் அரசுக் கோட்பாடு என்று எழுதினால் அந்த விதி குறுக்கே நிற்காது. பரபக்கத்து உலோகாயதனுக்கு மறுவாதம் என்று எழுதினாலோ, தில்லையின் தத்துவமும் தீண்டாமையும் என்று எழுதினாலோ முதல் மேசையிலேயே திருப்பிவிடலாம். ஆகவே அவள் விண்ணப்பத்தில் ஹெகல் என்று எழுதுவாள். போய்ச் சேர்ந்தபின் ஹெகலின் பக்கங்களுக்கு நடுவில் வைத்துத் தன் கேள்வியை வாசிப்பாள்.