மறுபிறப்பு என்று இப்பவே சொல்லலாமா?

சூசன் ஃப்ரெய்ன்கெலின் ‘அமெரிக்கன் செஸ்ட்நட்’ (2007) புத்தகத்தை இரண்டாம் முறையாகப் படித்தேன். காட்டு மர மரபியலில் பிஎச்டி பண்ணலாமா என்று அண்ணன் மகள் கேட்டாள். "முதல்ல இதைப் படி" என்று கொடுப்பதற்கு முன்னால், நானே ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றுதான்.

1904-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் மிருகக்காட்சிசாலையில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய், அரை நூற்றாண்டுக்குள் சுமார் 400 கோடி செஸ்ட்நட் மரங்களைத் தீர்த்துக்கட்டியது. வேர் மட்டும் சாகாது. தளிர் விடும், கொஞ்சம் தடிக்கும், மறுபடி நோய் வரும். இந்த இழப்பையும், மரத்தை மீட்கக் கிளம்பிய மனிதர்களையும் ஃப்ரெய்ன்கெல் அருமையாகச் சொல்கிறார்.

எனக்கு இடிப்பது துணைத்தலைப்பில் இருக்கும் ‘மறுபிறப்பு’.

சீன செஸ்ட்நட்டின் நோய் எதிர்ப்பு இரண்டு மூன்று மரபணுக்களில்தான் இருக்கிறது என்பது சார்லஸ் பர்ன்ஹாமின் கணக்கு. கலப்பின மரத்தை அமெரிக்க மரத்தோடு மூன்று முறை திரும்பச் சேர்த்தால், 16-ல் 15 பங்கு அமெரிக்க மரம், எதிர்ப்பும் தங்கும். 1983-ல் இதற்காகவே ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். பிற்பாடு மரபணுத் தொகுதியை ஆராய்ந்தபோது, எதிர்ப்பு பல மரபணுக்களில் சிதறிக் கிடப்பது தெரிந்தது. அமெரிக்கப் பங்கு கூடக் கூட எதிர்ப்பு குறைகிறது.

அடுத்த வழி, கோதுமை மரபணு ஒன்றைச் சேர்த்த மரம். 2023-ல் என்ன ஆச்சு தெரியுமா? ‘டார்லிங் 58’ என்று நினைத்துப் பல வருஷம் சோதித்தவை உண்மையில் ‘டார்லிங் 54’. அறக்கட்டளை ஆதரவை விலக்கிக்கொண்டது. எங்கள் தொழிலில் தப்பான வெர்ஷன் போனால் ராத்திரியோடு ராத்திரியாக ரோல்பேக் பண்ணிவிடுவோம். மரத்துக்கு அது நடக்காது.

2023-ல் நடந்ததற்கு 2007 புத்தகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் நாயகர்களுக்குக் கிடைத்த பக்கங்கள், மகரந்தப் பைக்குப் பெயர் எழுதி, பதிவேடு பராமரித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்தத் துறை நிற்பதே அந்த வேலையில்தான்.

அண்ணன் மகளிடம் சொன்னேன்: "தாராளமா போம்மா, விடை கிடைக்காத கேள்வி நிறைய இருக்கு. ஆனா அஞ்சு வருஷத்துல உன் பிஎச்டி முடிஞ்சிடும், மரத்தோட சோதனை முடியாது. உனக்கு முன்னாடி ஒருத்தர் கட்டின சீட்டை நம்பாம சரிபாரு. நீ கட்டுறதை, அடுத்து வர்றவங்களுக்குப் புரியற மாதிரி எழுது."

புத்தகத்தையும் கொடுத்தேன். துணைத்தலைப்பில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு.