சுரங்கத்து மகளின் குரல்

புளூகிராஸ் என்னும் அமெரிக்க இசையைப் பில் மன்றோ 1940களில் உருவாக்கிய காலந்தொட்டு, பாஞ்சோவும் பிடிலும் விரைந்தோட உச்சத்தாயியிற் பாடுவது பெரும்பாலும் ஆடவர் கலையாகவே கொள்ளப்பட்டது. 1965இல் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்த ஓர் இசைத்தட்டு இவ்வழக்கை மீறியது. அதற்குத் தலைமை தாங்கியோர் ஹேசல் டிக்கன்ஸ், அலிஸ் ஜெராட் என்னும் இரு மாதர்.

ஹேசல், மேற்கு வேர்ஜீனியாவின் நிலக்கரிப் பிரதேசத்தில் வறிய பெருங்குடும்பமொன்றிற் பிறந்து, பிழைப்புத் தேடிப் பல்ரிமோர் நகரத்துத் தொழிற்சாலைகளுக்கு வந்தவர். அலிஸோ மேற்குக் கரையில் வளர்ந்து கல்லூரியிற் கற்றவர். இவ்விருவர் குரல்களும் இழைந்து குழைவதில்லை, உரசுகின்றன. ஹேசலின் குரல் மெருகேறாத கருங்கல். செவிக்கு இனிமை மட்டும் வேண்டுவோர் இதனைக் குறையென்பர். இத்தட்டின் உயிரே அதுதான் என்போம் நாம். கார்ட்டர் குடும்பத்தாரின் பழைய சுரங்கத் தொழிலாளர் பாட்டொன்றை இவர்கள் பாடும்போது, ஏட்டிற் படித்த அனுதாபமன்று, வீட்டிற் கண்ட வறுமை பேசுகிறது.

ஆயினும் ஒன்று சொல்லியாகவேண்டும். பாடல்களிற் பல பிறர் ஆக்கியவை. காதலையும் பிரிவையும் சாவையும் சுற்றிச் சுழல்பவை. துயர் உண்டு, துயருக்குக் காரணர் யாரென்ற வினா இல்லை. (கலையிற் கோஷத்தை மட்டும் தேடும் நம் நண்பர்கள் இதனோடு தட்டை மூடி வைத்துவிடக்கூடும்.) அவ்வினாவை ஹேசல் தாமே பின்னர் எழுப்பினார். நிலக்கரித் தூசினால் நுரையீரல் கருகி மாண்ட தமையனுக்காக அவர் இயற்றிய பாடல், கென்டக்கிச் சுரங்க வேலைநிறுத்தம் பற்றிய 1976ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஒலித்தது.

இக்குழுவின் இரண்டாந் தட்டுக்குரிய பாடல்களும் 1960களிலேயே பதிவாகிவிட்டன. அவை வெளிவந்ததோ 1973இல்.