சைலன்சரின் சுதி

திருவொற்றியூரில் 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியபோது, இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரிலிருந்து வந்த உதிரிகளைப் பூட்டித்தான் இங்கே புல்லட் உருவானது. பிற்பாடு ரெட்டிட்ச் ஆலை மூடப்பட்டது. புல்லட் வடசென்னையில் தொடர்ந்தது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் என்ற அந்த ஒற்றை சிலிண்டர் கணக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் மாறாமல் இருந்ததால், வண்டி தெருமுனை திரும்பும் முன்பே சத்தத்தை வைத்து அடையாளம் சொல்லும் காதுகள் இந்தப் பக்கம் ஏராளம். 2009-இல் கிளாசிக் 500 இன்ஜெக்‌ஷனோடு வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி அமலானதும் கார்புரேட்டர் அடியோடு போனது. அன்றிலிருந்து ஒரு குறை கேட்டுக்கொண்டே இருக்கிறது: வண்டி நன்றாக ஓடுகிறது, பழைய சத்தம் மட்டும் இல்லை. பரிகாரமாக எல்லாரும் கைவைப்பது சைலன்சரில். அவர்களில் பெரும்பாலோர் சைலன்சரால் தர முடியாத ஒன்றை அதனிடம் கேட்கிறார்கள் என்பது என் கட்சி. அது எதைத் தரும் என்று தெரிந்து மாட்டுகிற மெக்கானிக்கின் வேலையோ, உட்கார்ந்து ரசிக்கத் தகுந்த கலை.

பழைய புல்லட்டில் மனம் லயித்தது ஒரு முட்டுக்கும் அடுத்த முட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. கனத்த ஃப்ளைவீலும் கையால் திருகிவைத்த பாயின்ட்டும் இருந்த காலத்தில் நிமிஷத்துக்கு 600 சுற்றுக்கு ஐடிலிங்கை இறக்கினால், நொடிக்கு ஐந்தே முட்டு. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டி ஆயிரம் சுற்றை ஒட்டி நிற்கிறது, நொடிக்கு எட்டு. புதுச் சைலன்சர் எதை மாட்டினாலும் எட்டு ஐந்தாகாது. தோலை மாற்றித் தவிலின் காலப்பிரமாணத்தைக் குறைக்கப் பார்ப்பது போன்ற வேலை அது. கோல்டு ஸ்டார், ஷார்ட் பாட்டில், டால்ஃபின், பஞ்சாப், இந்தூரி என்று புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தொங்குபவை எல்லாம் குரலை மாற்றும், நடையை மாற்றாது. இதை முதலிலேயே சொல்லி வாடிக்கையாளரின் ஆசையைப் பாதியாகக் குறைக்கிற மெக்கானிக்கை நம்பலாம்.

குரலோடு எஞ்சினின் மூச்சும் மாறுகிறது என்பதால்தான் இது வெறும் அலங்காரமாக நின்றுவிடுவதில்லை. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாயில் பாய்ந்து, குழாய் விரியும் இடத்தில் தாழ்ந்த அழுத்த அலையாகத் திரும்புகிறது. சூடான புகையில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 500 மீட்டர் என்று வைத்தால், ஒரு மீட்டர் குழாயில் போய்வர 4 மில்லிசெகண்ட். அதற்குள் 4000 சுற்றில் ஓடும் கிராங்க் 96 டிகிரி திரும்பிவிடும். 2000 சுற்றில் 48 டிகிரிதான். திரும்பி வரும் அலை, வால்வு மூடும் தறுவாயில் சரியாக வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை உறிஞ்சி வெளியேற்றும். தப்பி வந்தால் எஞ்சின் திணறும். கிழக்கு ஜெர்மனியின் வால்டர் காடன் 1950-களில் இந்த அலையைப் பிடித்துவைத்துத்தான் எம்.இஸட். டூ-ஸ்ட்ரோக் பந்தய வண்டிகளை உலகத் தரத்துக்கு உயர்த்தினார். நீளமும் விட்டமும் ஏதோ ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும், எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. உள்ளே தடுப்பே இல்லாத குழாய் உச்ச வேகத்தில் கொஞ்சம் தரலாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்பவனுக்கு உச்ச வேகம் எதற்கு? அவனுக்கு வேண்டியது கீழ்ச்சுற்று இழுவை. அதைக் காப்பது உள்தடுப்பான பேஃபிளும் கண்ணாடிப் பஞ்சும் ஒழுங்காக உள்ள சைலன்சர்.

இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு காதுக்கு வேலை இல்லை, லேப்டாப் இருந்தால் போதும் என்பார்கள். பாதி உண்மை. மிதமான ஓட்டத்தில் ஓ2 சென்சார் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்துச் சொல்ல, ஈ.சி.யு. எனும் வண்டியின் கணினி காற்று-பெட்ரோல் விகிதத்தை 14.7-க்கு 1 என்ற அளவை ஒட்டித் திருத்திக்கொண்டே இருக்கும். அதனால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தொடாமல் பின்பகுதியை மட்டும் மாற்றினால் வண்டி பெரும்பாலும் தானே சமாளித்துவிடும். திராட்டிலை முழுக்கத் திருகும்போது சென்சாரை ஒதுக்கிவிட்டு, தன்னிடம் எழுதிவைத்த பெட்ரோல் மேப்பைத்தான் அது நம்புகிறது. பென்ட் பைப்பும் ஏர் ஃபில்டரும் சேர்ந்து மாறினால் அந்த மேப் பழங்கணக்கு. ஆனால் மேப்பைத் தொடும் முன் கைவேலை சரியாக இருக்க வேண்டும். தேர்ந்த கை பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாது. எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றி, குழாய் தானாக உட்கார விட்டு, சிலிண்டர் ஹெட்டில் குழாயைப் பிடிக்கும் நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கி, பிறகு கிளாம்ப், கடைசியில் ஹேங்கர் என்று போகும். வரிசை தப்பினால் குழாய் முறுக்கிலேயே நிற்கும். ஒருநாள் விரிசல் விடும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த கையோடு இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழாகக் காட்டிக்கொடுக்கும். ஹெட்டருகே ஊசிமுனைக் கசிவு இருந்தாலும் தாழ்ந்த அழுத்தத்தில் வெளிக்காற்று உள்ளே புகும், பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் ஏமாந்து சொல்லும், ஈ.சி.யு. அள்ளி ஊற்றும். மைலேஜ் விழுந்து பிளக் கறுத்தபின் லேப்டாப்பைத் திறந்து என்ன பயன்? திராட்டிலை விட்டதும் படபடவென்று வெடிப்பதை வீரம் என்று நினைக்கிறார்கள். பல வண்டிகளில் அது கசிவின் புலம்பல்.

சத்தம் ஊருக்குத் தொல்லை, சட்டத்துக்கு விரோதம் என்ற ஆட்சேபம் இந்த லேப்டாப் வாதத்தைவிடக் கனமானது. 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டி தயாராகும்போது 80 டெசிபல் தாண்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் ஒலி வரம்பு மீறலுக்கு முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ராயபுரத்தின் ஒண்டுக்குடித்தனச் சந்துகளில் இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குபவர்கள் ஏராளம். அவர்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் இதை இந்தக் கைவேலைக்கு எதிரான வாதமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பேஃபிளைப் பிடுங்கி எறிவதற்கு ஸ்பேனர் தெரிந்த எவனும் போதும். வரம்புக்குள் நின்று, கீச்சை மட்டும் வடிகட்டி அடித்தொனியை விட்டுவைக்கிற குழாயைத் தேர்வதற்குத்தான் ரசனை வேண்டும். கம்பெனிக் குழாயே போதும் என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை; பத்தில் எட்டு வண்டிக்கு அதுவே நல்லது.

மிச்ச இரண்டுக்கும் காசிமேடு முதல் எண்ணூர் வரை உப்புக்காற்று ஒரு நிபந்தனை போடுகிறது. குரோம் பூசிய சாதா இரும்பு வெளியே பளபளக்கும்போதே உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். எரிந்த பெட்ரோலில் பிறக்கும் தண்ணீர், இரண்டு கிலோமீட்டர் கடைத்தெரு ஓட்டத்தில் ஆவியாகிப் போகும் அளவுக்குக் குழாய் சூடாவதே இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் கூடக் கொடுக்கும் காசு இங்கே வீணல்ல. அதிலும் கண்ணாடிப் பஞ்சு நாளாக ஆகக் கருகி ஊதிப்போகும். அடித்தொனி வெளிறிச் சத்தம் தகரமாகும். அப்போது ரிவெட்டைக் கழற்றிப் பஞ்சை மாற்ற வேண்டும், சைலன்சரை அல்ல.