பஞ்சப் படங்களும் காட்சிக்கூட அறமும்

தாது வருடப் பஞ்சத்தை (1876–78) நினைவுகூரும் காட்சிகளில் பெரிதும் இடம்பெறுபவை, ஆங்கிலேயப் படை அதிகாரி டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் சென்னை மாகாணத்தில் எடுத்த ஒளிப்படங்களாகும். எலும்பும் தோலுமான மனிதர்கள் அவற்றில் குழுக்களாக அமர்த்தப்பட்டுள்ளனர். அவர்களுடைய இசைவை இனிப் பெற இயலாது. எனவே, காட்டலாமா கூடாதா என்பதைவிட, எதனோடு சேர்த்துக் காட்டுவது என்பதே முதன்மையான வினா.

இப்படங்கள் பட்டினிக்கு மட்டுமன்றி, படமெடுத்த முறைக்கும் சான்றாகின்றன. நிமிர்ந்திருக்கவும் வலுவற்றோர், நிழற்பட நிலையத்திற்குரிய ஒழுங்கில் கருவியின்முன் வைக்கப்பட்டனர். 1886இல் மாண்டலேயில் கைதிகள் சுடப்படும் கணத்தைப் படமாக்கியமைக்காக அதே ஹூப்பர் விசாரணைக்குள்ளானார். இச்செய்தி இல்லாத படக்குறிப்பு, படமெடுத்தவரை நடுநிலைச் சாட்சியாக்கிவிடுகிறது.

உடல்களை மட்டும் பெரிதாக்கிச் சுவரை நிரப்பும் காட்சியமைப்பு, பஞ்சத்தை வானம் பொய்த்ததன் விளைவாகச் சுருக்குகிறது. 1877இல் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியாளரின் நாட்கூலியை ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறு காசும் என்ற அளவுக்குக் குறைத்தார். பஞ்ச காலத்திலும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி தொடர்ந்தது. கூலி ஆணையும் ஏற்றுமதிக் கணக்கும் படத்தின் அருகிலேயே இடம்பெற்றால், பார்வையாளரின் இரக்கம் வினாவாக மாறும்.

ஆகவே, அளவில் சிறிதாக, முன்னறிவிப்புடன், ஆட்சி ஆவணங்களோடு இணைத்துக் காட்டுவதே தக்கது. அவ்வாறன்றிக் காட்டும் காட்சிக்கூடம், பெயரற்றோரை மீண்டும் ஒருமுறை ஹூப்பரின் கருவிமுன் அமர்த்துகிறது.