கூரையைச் சரிசெய்தது யார்?

பிலிப் லார்கின் 1954-இல் எழுதிய 'சர்ச் கோயிங்' கவிதையில், நம்பிக்கை இல்லாத ஒருத்தன் சைக்கிளில் வந்து ஆளில்லாத சர்ச்சுக்குள் நுழைகிறான். கழற்றத் தொப்பி இல்லை, அதனால் மரியாதைக்கு சைக்கிள் கிளிப்பைக் கழற்றுகிறான். சாமி கும்பிட யாருமே வராத காலத்தில் இந்தக் கட்டடங்களை என்ன செய்வார்கள் என்று யோசிக்கிறான். பெரிய தேவாலயங்கள் சில காட்சிப் பொருளாகும், மற்றவை பாழாகும், கடைசியாக யாரோ ஒருவர் வருவார். சுற்றிலும் இத்தனை பேர் புதைந்து கிடக்கிறார்களே, அதற்காகவாவது வருவார் என்று கவிதை முடிகிறது.

கோயிலுக்குப் போனால் தூணையும் சிற்பத்தையும் மட்டும் பார்த்துவிட்டு வருகிற எனக்கு, இது என்னைப் பற்றியே எழுதின மாதிரி இருந்தது. ஆன்சைட் வேலையாக லண்டன் போயிருந்தபோது அந்தக் கவிதையை ஒரு கட்டடத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்க முடிந்தது.

லாம்பெத் அரண்மனையை ஒட்டி நிற்கும் செயின்ட் மேரி சர்ச் அது. அங்கே 11-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சர்ச் இருந்தது. இப்போதைய கோபுரம் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மீதிப் பகுதியில் பெரும்பாலானதை 1850-களில் திரும்பக் கட்டினார்கள். பல நூற்றாண்டுகள் அந்தப் பங்கு மக்களின் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் அங்கேதான். 1972-இல் வழிபாடு நின்றது. அடுத்தது இடிப்புதான் என்ற நிலைமை.

1976-இல் ரோஸ்மேரி நிக்கல்சன் என்ற பெண்மணி அங்கே போனார். ஜெபிக்க இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் தூர தேசங்களிலிருந்து செடிகளைக் கொண்டுவந்து வளர்த்த ட்ரேடஸ்கன்ட் என்ற அப்பா, மகன் இருவரின் கல்லறையைத் தேடிப் போனார். சர்ச் பூட்டிக் கிடந்தது. அவரும் கணவரும் சேர்ந்து ஒரு அறக்கட்டளை தொடங்கி, அதைத் தோட்டக்கலை வரலாற்று மியூசியமாக மாற்றினார்கள். இன்றைக்கு அங்கே மண்வெட்டிகளும் பூவாளிகளும் காட்சியில் இருக்கின்றன. காப்பியும் கிடைக்கிறது.

ஆக, லார்கின் சொன்னது அப்படியே பலித்தது. செத்தவர்களைத் தேடித்தான் ஒருவர் வந்தார். 2016-இல் புதுப்பிக்கும்போது தரைக்கல்லைப் பெயர்த்தவர்கள் கீழே போகும் படிக்கட்டைக் கண்டார்கள். குச்சியில் செல்போனைக் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தால், சுமார் 30 ஈயச் சவப்பெட்டிகள். ஒன்றின் மேல் பொன்முலாம் பூசிய பேராயர் முடி. கிங் ஜேம்ஸ் பைபிள் மொழிபெயர்ப்பை மேற்பார்வையிட்ட ரிச்சர்ட் பான்கிராஃப்டும் அங்கேதான் இருந்தார்.

ஆனால் எனக்குக் கவிதையோடு சண்டை வருவது இங்கேதான். லார்கினின் மனிதன் வருகிறான், நிற்கிறான், யோசிக்கிறான், போய்விடுகிறான். அந்தத் தீவிரம் ஒரு மனநிலை, அவ்வளவுதான். நிக்கல்சனின் தீவிரம் வேறு. அதில் நிதி திரட்டுவது உண்டு, அனுமதி வாங்குவது உண்டு, கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வதும் உண்டு.

கவிதையின் தொடக்கத்திலேயே ஒரு இடம் வருகிறது. கூரை புதுசு மாதிரி இருக்கிறதே, சுத்தம் செய்தார்களா, பழுது பார்த்தார்களா என்று அவன் கேட்டுக்கொள்கிறான். தெரிந்தவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்று நகர்ந்துவிடுகிறான். முன்பு நானும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போனேன். யாரோ எழுதிவிட்டுப் போன பத்து வருஷத்துப் பழைய கோடை ஓடவைப்பதுதான் என் பிழைப்பு. அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் நிறையப் பேர். ராத்திரி இரண்டு மணிக்குச் சரிசெய்கிறவர் ஒருத்தர்.

கவிதை இப்போதும் பிடிக்கும். ஆனால் இப்போது படிக்கும்போது அந்தக் கூரையைத் தாண்டி என்னால் சீக்கிரம் போக முடிவதில்லை. ஏணி போட்டு மேலே ஏறின ஒருத்தர் அந்தக் கவிதைக்கு வெளியே நிற்கிறார். அவர் இல்லையென்றால் லார்கினுக்கு உள்ளே போய் யோசிக்க ஒரு இடமே இருந்திருக்காது.