உள்ளீட்டுப் பழக்கமும் எழுத்தறிவும்: ஒரு மதிப்பீடு

தமிழ் உள்ளீட்டு முறைகள் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் விரைவு என்னும் ஒற்றை அளவுகோலிலேயே நின்றுவிடுகின்றன. மாணவர்கள் கைப்பேசியிலேயே நாள்தோறும் எழுதும் இக்காலத்தில் இவ்வளவுகோல் போதாது. ஒரு கருவி எழுதுபவரின் மொழியறிவில் எதனைக் கோருகிறது, எதனைத் தானே செய்துவிடுகிறது என்பதே மொழியாசிரியர் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

இவ்வினா நம் வட்டாரத்திற்கு அயலானதன்று. தமிழ்க் கணிமை முன்னோடியான நா. கோவிந்தசாமி சிங்கப்பூரில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். அவருடைய செல்லினம் 2005-ஆம் ஆண்டில் தமிழைக் கைப்பேசிக் குறுஞ்செய்திக்குக் கொண்டுவந்தது. கருவியைப் படைப்பதில் முன்னின்ற நாம், அதன் கல்வி விளைவுகளை மதிப்பிடுவதில் பின்தங்கியே நிற்கிறோம்.

1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, உயிரெழுத்துகளை இடக்கையிலும் மெய்களைப் பெரிதும் வலக்கையிலும் அமைத்தது. ககரத்தை அடுத்து இகரத்தை அழுத்தினால் 'கி' கிடைக்கும். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினாலும், மெல்லெழுத்தை அடுத்து அதன் இனமான வல்லெழுத்தை அழுத்தினாலும் புள்ளி தானே அமையும். 'அம்மா' என எழுத நான்கு விசைகள் போதும். ஆனால் இங்கு அடிப்படை அலகு அகரமேறிய மெய்யே. ஆங்கில எழுத்துவழி அமைந்த ஒலிபெயர்ப்பு முறையிலோ முதலில் 'க்' தோன்றி, அகரம் சேர்ந்த பின்னரே 'க' ஆகிறது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்னும் நம் இலக்கண விளக்கத்திற்கு இதுவே நெருக்கமானது. ஆகவே, ஒலிபெயர்ப்பு முறை தமிழுக்கு முற்றிலும் புறம்பானது எனப் பொதுவாகக் கூறப்படும் கருத்தை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை.

எனினும், அம்முறையின் குறை வேறிடத்தில் உள்ளது. வழி, வலி, வளி ஆகிய மூன்றையும் மாணவர் ஒரே ஆங்கில எழுத்துக் கோவையால் உள்ளிட, கருவி பட்டியலிட்டுக் காட்டுகிறது. நினைவிலிருந்து எழுதுதல் இங்குக் கண்டு தேர்தலாக மாறிவிடுகிறது. தவறாகத் தேர்ந்தாலும் மூன்றும் பிழையற்ற சொற்களே என்பதால், சொல்லளவில் இயங்கும் பிழைதிருத்தி அதனைச் சுட்டாது.

சந்தியின் நிலை இதனினும் கவலைக்குரியது. சொற்பரிந்துரை சொல்லையே தனி அலகாகக் கொண்டு இயங்குகிறது. 'தமிழை' என்பதைத் தேர்ந்தவுடன் இடைவெளி தானே விழுந்துவிடுகிறது. 'படித்தான்' என அடுத்து எழுதுபவர் பகரமெய்யை இட வேண்டுமெனில் பின்னோக்கிச் சென்று திருத்த வேண்டும். பெரும்பாலோர் அதனைச் செய்வதில்லை. 'தந்த பலகை' என்பது கொடுத்த பலகையையும், 'தந்தப் பலகை' என்பது யானைத் தந்தத்தாலான பலகையையும் குறிக்கும்போது, விடுபடும் ஒற்றினை வெறும் அலங்காரமாகக் கருத இயலாது. அறியாமையால் நேரும் சந்திப்பிழையையும் கருவிப் பழக்கத்தால் நேரும் சந்திப்பிழையையும் ஒரே சிவப்புக் கோட்டால் திருத்துவது பயன் தராது.

இதற்குத் தீர்வு கருவியை வகுப்பறையிலிருந்து விலக்குவதன்று. அன்றாட வாழ்வில் தமிழ் எழுதப்படுவதற்கே இக்கருவிகள் பெருங்காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எழுத்துகள் மனத்தில் ஊன்றும் தொடக்க நிலையில் கையெழுத்திற்கும் பரிந்துரையற்ற உள்ளீட்டிற்கும் முதன்மை தரலாம். பரிந்துரை வசதியைப் பிற்பட்ட வகுப்புகளில் அறிமுகப்படுத்தலாம். தட்டச்சிட்ட கட்டுரையில் சொல்லின் எழுத்துத் திருத்தம் மாணவரின் அறிவுக்கு உறுதியான சான்றாகாது என்பதை மதிப்பெண் வழங்குவோர் உணர்தல் வேண்டும். சொற்களுக்கு இடையில் அவர் என்ன செய்கிறார் என்பதே இனி நம் கவனத்திற்குரியது. பரிந்துரைப் பட்டியல் பெரும்பாலும் எட்டாத அவ்விடத்தில்தான் மாணவரின் மொழியறிவு வெளிப்படுகிறது.