பவானி என்று சொல்ல ஏன் கூச்சம்?

போன மாசம் கோவையில் உயர்ரக வீட்டு அலங்காரப் பொருட்கள் விற்கும் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடையின் பெயர் வேண்டாம்; இதே முகத்தோடு வேறு கடைகளும் இருக்கின்றன. சந்தன நிறச் சுவர், ஒல்லியான ஆங்கில எழுத்தில் லோகோ, பழுப்பு அட்டையில் விலைச்சீட்டு. தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சாம்பலும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட விரிப்பு ஒன்றின் சீட்டில் 'ஹேண்ட்வோவன் காட்டன் ரக்' என்று இருந்தது.

"இது பவானி ஜமக்காளம்தானுங்க?" என்று கேட்டேன்.

"ஆமாங்க சார், பவானியிலதான் நெய்யறாங்க" என்றார் விற்பனையில் இருந்த பெண்.

பிறகு ஏன் அதைச் சீட்டில் போடவில்லை? காரணத்தை ஊகிக்கலாம். ஜமக்காளம் என்றதும் நமக்குக் கல்யாண மண்டபமும் கட்சிக் கூட்டமும்தான் ஞாபகம் வரும். பல ஆயிரம் கொடுக்கிறவர், 'இது எங்க பாட்டி வீட்ல பரண் மேல கெடக்குதே' என்று நினைத்துவிடக் கூடாது. அதனால் பெயரைக் கழற்றிவிட்டார்கள்.

இந்த வெறுமையான தோற்றம் ஜப்பானின் மூஜியை நினைவுபடுத்துகிறது. 1980ல் வந்த அந்தப் பெயரின் பொருளே 'முத்திரை இல்லாத நல்ல பொருள்' என்பதுதான். பொட்டலத்தையும் அலங்காரத்தையும் குறைத்து விலையைக் குறைத்தார்கள். ஏன் குறைவு என்று வாங்குபவருக்கு விளக்கவும் செய்தார்கள். நம்ம ஊர்க் கடையில் அதே எளிமை விலையை ஏற்றப் பயன்படுகிறது. விளக்கம் மட்டும் காணோம்.

இத்தனைக்கும் விளக்கம் கையிலேயே இருக்கிறது. பவானி ஜமக்காளம் 2005-06லேயே புவிசார் குறியீடு பெற்றது. குழித்தறியில் நெய்வது, அகலமான விரிப்பென்றால் ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து நாடாவை மாற்றி மாற்றித் தள்ளுவார்கள். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப் பட்டியலில் ஜமக்காளம் இருக்கிறது. ஆனாலும் விசைத்தறிப் போலிகள் குறைந்த விலைக்குச் சந்தையில் கிடைக்கின்றன. அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் சொல்ல நெசவாளர் கையில் இருப்பது ஊர்ப்பெயர் ஒன்றுதான். நல்ல விலை கொடுக்கத் தயாராக இருக்கும் வாடிக்கையாளரிடமே அந்தப் பெயர் போய்ச் சேரவில்லையென்றால், அவர் அடுத்த தடவையும் 'ரக்' என்றுதான் கேட்பார். அதை யார் வேண்டுமானாலும் நெய்து கொடுக்கலாம்.

என் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. எம்ஐடி உரிமத்தில் வந்த நிரலை எடுத்து விற்கலாம், மாற்றலாம், லாபம் பார்க்கலாம். எழுதியவரின் உரிமக் குறிப்பை மட்டும் நீக்கக் கூடாது. அதனால் எந்த மென்பொருளின் மதிப்பும் குறைந்துவிடவில்லை.

துணியிலும் இது புதிதல்ல. கோ-ஆப்டெக்ஸ் தன் பட்டுச்சேலைகளில் நெய்தவரின் பெயரும் படமும் உள்ள அட்டையை வைத்து விற்றிருக்கிறது. கோவைக் கடையும் லோகோவையோ நிறத்தையோ மாற்ற வேண்டியதில்லை. சீட்டில் 'பவானி ஜமக்காளம்' என்று தமிழில் ஒரு வரி, கீழே நெய்தவர் பெயர். அவ்வளவுதான்.

கடை முத்திரைகளை வடிவமைக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு கேள்வி: அந்த வரியைச் சேர்த்தால் விற்பனை குறையும்னு நிஜமாவே சோதிச்சுப் பாத்தீங்களா, இல்ல நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?